விடப்போகும் மீனை ஏன் பிடிக்க வேண்டும்?

அன்புள்ள அண்ணா,

இங்கிலாந்தின் வை ஆற்றங்கரையில் ஒரு வாரம் தங்கித் தூண்டில் போட்டதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நன்றாக இருந்தது, ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிடித்த மீன்களை எல்லாம் திரும்ப ஆற்றில் விட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். என் தாத்தா காவிரியில் தூண்டில் போடுவார். கிடைத்தது அன்று இரவு குழம்பாகிவிடும். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. தின்னப் போவதில்லை என்று தெரிந்தே ஓர் உயிரின் வாயில் முள்ளை மாட்டி இழுப்பது வதை இல்லையா? அப்புறம், அந்த மீன்களை ‘கோர்ஸ்’ மீன் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

ஒரு வாசகர், குளித்தலை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் தாத்தாவின் நியாயத்தை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மீனுக்கு வலிக்கும் என்பதிலும் நான் உங்கள் பக்கம்தான். 2003-ல் லின் ஸ்னெடனும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் டிரவுட் மீனின் தலையில் வலியைத் தூண்டும் காயங்களை உணர்கிற நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். அது மீன் அனுபவிக்கும் வலிதானா என்று இன்றும் சண்டை போடும் அறிஞர்கள் உண்டு. ஆனால் முள் குத்திய மீன் துள்ளுவதை என் கையால் உணர்ந்த பிறகு, வலிக்காது என்று என்னால் எழுத முடியாது. விடுவதற்கென்றே மீன் பிடிப்பதை சுவிட்சர்லாந்து சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தையும் நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

முதலில் ‘கோர்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். சால்மன், டிரவுட் இரண்டும் அங்கே பெரிய மனிதர்களின் மீன். அவை ஓடும் ஆற்றுத் துண்டுகளுக்குக் குத்தகைப் பணம் அதிகம். மற்ற நன்னீர் மீன்களான பார்பெல், சப், ரோச், பிரீம், பெர்ச் எல்லாம் ‘கோர்ஸ்’, அதாவது மட்டமான மீன்கள். நெசவாலைத் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியும் ஞாயிற்றுக்கிழமை பிடித்தது இவற்றைத்தான். சந்தா கட்டிச் சங்கம் சேர்ந்து, ஆற்றில் ஒரு மைல் இரண்டு மைல் குத்தகைக்கு எடுத்தார்கள். நான் போனது அந்த மீன்களைத் தேடித்தான். பார்பெல் நம் கெண்டைக் குடும்பம். நான்கு மீசை, உடம்பெல்லாம் தசை. ஆற்றின் அடியில் கூழாங்கற்களை முகர்ந்துகொண்டு திரியும்.

பிடித்ததைக் குழம்பு வைக்கலாமே என்றால், பார்பெல்லில் முள் அதிகம், அதன் சினை விஷம். தவிர, 2010-ல் வந்த விதிப்படி ஆற்றில் பிடித்த பார்பெல் 20 செ.மீ.க்கு மேல் இருந்தால் விட்டாக வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அந்த நாட்டு ஆறுகளில் இந்த மீன்களுக்குத் தூண்டிலே போடக்கூடாது. அது முட்டையிடும் காலம்.

இனி, போன கட்டுரையில் நான் எழுதாமல் விட்ட ஒரு நாளைச் சொல்கிறேன். அந்த வாரம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். முதல் நாள் எனக்கு ஒரு பார்பெல் மாட்டியது. ஏழு பவுண்டு, மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அதைக் கரைக்குத் தூக்க அவர் விடவில்லை. கைவலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுத்தார். முள்ளில் எதிர்க்கொக்கி கிடையாது, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பிறகு இடுப்பளவு நீரில் நின்று, மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஐந்து நிமிடம் இருக்கும். செவுள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தானாக வாலை அடித்து அது என் கையிலிருந்து போனபோதுதான் அவர் பேசினார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எடை, இடம், நேரம், தண்ணீரின் வெப்பம் எல்லாம் எழுதினார். அப்படி முப்பது வருட நோட்டுகள் வீட்டில் இருக்கின்றனவாம்.

மூன்றாம் நாள் நல்ல வெயில். கரைக்கு வந்ததும் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி ஆற்றில் இறக்கினார். 22 டிகிரி. தூண்டிலைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. நீர் சூடானால் அதில் பிராணவாயு குறையும். அந்த நேரத்தில் மல்லுக்கட்டிய மீன் நீந்திப் போவதுபோல் போய், எங்கோ மறைவில் செத்துவிடும். இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே என்று நான் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாள் முழுக்க இருவரும் சும்மா உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தோம். அந்த ஆற்றை அவர் தன் உறவுக்காரரைப் போல நினைக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அன்று அவர் சொன்னதெல்லாம் ஆற்றின் நோயைப் பற்றித்தான். வை வடிநிலத்தில் கோழிப் பண்ணைகள் பெருகிவிட்டன. எந்த நேரத்திலும் ஏறக்குறைய 2 கோடிக் கோழிகள் இருக்கும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. அந்தக் கோழி எரு வயலுக்குப் போகிறது, வயலில் தேங்கிய பாஸ்பேட்டை மழை ஆற்றுக்குக் கொண்டுவருகிறது. கோடையில் பாசி பொங்கித் தண்ணீர் பச்சையாகிறது. முன்பெல்லாம் வாட்டர் குரோஃபுட் என்ற நீர்ச்செடி வெள்ளைப் பூவாய் ஆற்றை மூடியிருக்குமாம், மீன்குஞ்சுகள் அதற்குள்தான் ஒளியும். பாசி வெயிலை மறைத்ததில் அந்தச் செடி பல இடங்களில் அழிந்துவிட்டது. 2023-ல் இங்கிலாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே வை ஆற்றின் நிலையை ‘மோசமாகிக்கொண்டிருக்கிறது’ என்று கீழிறக்கியது. அவரைப் போன்றவர்களுக்கு அது முன்பே தெரியும்.

தெரிந்து என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும், இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். டெர்பி நகரில் ‘பிரைட் ஆஃப் டெர்பி’ என்று ஒரு தூண்டில் சங்கம். அவர்கள் மீன் பிடித்த டெர்வென்ட் ஆற்றில் நகராட்சி சாக்கடையை விட்டது, மின்நிலையம் சுடுநீரை விட்டது, செயற்கை இழை ஆலை கழிவை விட்டது. மீன் செத்தது. ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை அங்கே நிலத்தைப் போல ஒரு சொத்து. அந்தச் சொத்தைக் கெடுத்தார்கள் என்று சங்கம் மூவர் மீதும் வழக்குப் போட்டது. அவர்களுக்குப் பின்னால் நின்றது, ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் 1948-ல் தொடங்கிய தூண்டில்காரர்களின் கூட்டுறவுச் சங்கம். 1952-ல் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. நகராட்சி, மின்சார வாரியம், பெரிய ஆலை மூன்றுக்கும் எதிராக ஜெயித்தவர்கள், பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுகிறவர்கள்!

அந்த லாரி ஓட்டுநரின் நோட்டைப் போல நம் காவிரிக்கும் ஒன்று உண்டு. கர்நாடகத்தில் காவிரிக்கரையிலுள்ள காலிபோரே மீன்பிடி முகாமில், 1998 முதல் 2012 வரை பிடித்து விட்ட மஹசீர் மீன்களைக் குறித்து வைத்திருந்தார்கள். 6,000-க்கு மேல். அந்தக் குறிப்புகளை ஆராய்ந்தபோதுதான், காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹசீர் கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்தது தெரிந்தது. 2018-ல்தான் அதற்குச் சரியான அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதியானது. இன்று அது மிக அபாயகரமான அழிவு நிலையில் இருக்கும் மீன். அந்த நோட்டு இல்லாவிட்டால் அது போனதுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

தூண்டில்காரர்கள் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். காவிரியில் கூன்முதுகு மீன் ஒடுங்கியதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவது, பண்ணையில் வளர்த்து நல்லெண்ணத்தோடு ஆற்றில் விட்ட வேறொரு மஹசீர், நீலத்துடுப்பு மஹசீர். இங்கிலாந்திலும் அதே ஆசை இருந்தது. செவர்ன் ஆற்றில் முன்பு பார்பெல்லே கிடையாது. 1956-ல் கென்னெட் ஆற்றிலிருந்து 509 மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். வை ஆற்றுக்கும் அது பிறகு வந்து சேர்ந்ததுதான். நான் கையில் பிடித்து நின்ற அந்த ஏழு பவுண்டு மீனும் அங்கே விருந்தாளிதான். மீன் மேல் வைத்த ஆசை ஆற்றின் மேல் வைத்த அக்கறையை மீறிய இடங்கள் இவை.

வதை இல்லையா என்று கேட்டீர்கள். வதைதான். ஆனாலும் தூண்டிலைத் தடை செய்து அந்த லாரி ஓட்டுநரைக் கரையை விட்டு அனுப்பிவிட்டால், முப்பது வருடம் வெப்பமானியை இறக்கியவர் இடத்தில் யார் வந்து உட்காருவார்கள்? எனக்கு அந்தக் கவலைதான் பெரிதாக இருக்கிறது. அந்த முள் வலியைவிடக் கோழி எரு எத்தனையோ மடங்கு மீனைக் கொல்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தா இருந்தால் அவரிடமே கேளுங்கள், இல்லாவிட்டால் அவரோடு ஆற்றுக்குப் போனவர்களிடம் கேளுங்கள். குளித்தலைக்கு அருகில் எந்த மடுவில் என்ன மீன் கிடைத்தது, எந்த மாதத்தில், என்ன இரைக்கு, எந்த வருடத்தோடு அது நின்றது? தெரிந்த வரைக்கும் எழுதி அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.