பட்டியலைப் பார்த்துப் பரிசு வாங்கலாமா?

கேள்வி: வியாபார விஷயமாகப் பின்லாந்து, ஜப்பான், தென் கொரியா, சீனா ஆகிய நாடுகளுக்குப் போகவிருக்கிறேன். உலக மகிழ்ச்சிப் பட்டியலில் மேலே இருக்கும் நாட்டுக்காரர்களுக்கு விலை உயர்ந்த பரிசு கொடுக்க வேண்டும், கீழே இருப்பவர்களுக்குச் சாதாரணமானதே போதும் என்கிறார் என் கூட்டாளி. மகிழ்ச்சியாக இருப்பவர்கள் மனம் குளிர்ந்து ஆர்டர் கொடுத்துவிடுவார்களாம். சரியா?

பதில்: உங்கள் கூட்டாளி பட்டியலைப் பார்த்திருக்கிறார். அது எந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை என்று பார்க்கவில்லை.

அந்தக் கணக்கெடுப்பில் யாரிடமும் ‘மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?’ என்று கேட்பதில்லை. ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அடிப்படி 0, உச்சிப்படி 10. உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் நாடு நாடாகக் கேட்டு வாங்கும் இந்த விடைகளின் மூன்று ஆண்டுச் சராசரிதான் தரவரிசை. 2018 முதல் 2025 வரை எட்டு அறிக்கைகளிலும் பின்லாந்துக்கே முதலிடம். 2025 அறிக்கையில் ஜப்பானுக்கு 55, தென் கொரியாவுக்கு 58, சீனாவுக்கு 68. அந்த ஏணிப் படமே மக்களைப் பணத்தையும் அதிகாரத்தையும் நினைக்க வைக்கிறது என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஆகவே முதலிடத்துக்காரர் எந்நேரமும் பூரித்துப்போய் ஆர்டர் புத்தகத்தோடு காத்திருப்பார் என்று எண்ண வேண்டாம்.

மகிழ்ச்சியை அளக்கலாம் என்று உலகுக்குச் சொல்லிக்கொடுத்த பூட்டான், 2019இல் 95ஆவது இடத்தில் இருந்தது. அதற்குப் பிந்தைய பட்டியல்களில் அதன் பெயரே இல்லை. அவர்கள் தங்களுக்கென ஒன்பது துறைகள், 33 குறியீடுகள் கொண்ட தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள்; தூக்கமும் நேரப் பயன்பாடும் கூட அதில் உண்டு. எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதற்கேற்ற வரிசைதான் கிடைக்கும். பணக்கணக்கும் விதிவிலக்கல்ல. 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுத்த பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ், இந்த எண்ணைக் கொண்டு ஒரு நாட்டின் நலனை ஊகிப்பது அரிது என்று அதே அறிக்கையில் எழுதிவைத்தார். எண்ணை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

இனி உங்கள் பரிசுக்கு வருகிறேன். நாடுகளுக்கிடையே மதிப்பெண் ஏன் வேறுபடுகிறது என்று விளக்க, அறிக்கை ஆறு காரணிகளைப் பார்க்கிறது. அவற்றில் ஒன்று தாராளம், மற்றொன்று ஊழல். முதலாவதற்கு, கடந்த மாதம் அறப்பணிக்குப் பணம் கொடுத்தீர்களா என்று கேட்கிறார்கள். இரண்டாவதற்கு, அரசிலும் வியாபார நிறுவனங்களிலும் ஊழல் பரவிக் கிடக்கிறதா என்று கேட்கிறார்கள். ஆர்டரை எதிர்பார்த்து நீட்டப்படும் விலை உயர்ந்த பெட்டியை இவ்விரண்டில் எதில் சேர்ப்பது? உங்கள் கூட்டாளி முதலாவதில் சேர்ப்பார். வாங்குபவரின் தணிக்கையாளர் இரண்டாவதில் சேர்ப்பார். தாராளம் மிகுந்தால் ஏணியில் உயரலாம் என்பதும் சரியில்லை. கொடைப் பட்டியலில் ஆண்டுக்கணக்காக முதலிடத்தில் இருந்த இந்தோனேசியா, 2025 மகிழ்ச்சி வரிசையில் 80ஐ ஒட்டித்தான் நின்றது.

பின்லாந்தை உயர்த்திப் பிடிப்பது ஒருவரையொருவர் நம்பும் பழக்கம். 2013இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் 16 நகரங்களில், நகருக்குப் பன்னிரண்டு பணப்பைகளை வேண்டுமென்றே தொலைத்துப் பார்த்தது. ஒவ்வொன்றிலும் 50 டாலர் அளவுக்கு உள்ளூர்ப் பணம், ஒரு குடும்பப் புகைப்படம், தொலைபேசி எண். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் பதினொன்று திரும்பி வந்தன. லிஸ்பனில் ஒன்றே ஒன்று. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் சுற்றுலா வந்திருந்த நெதர்லாந்துத் தம்பதி! பதினொரு பணப்பைகளைத் திருப்பிக் கொடுத்த ஊரில், விலையுயர்ந்த கைக்கடிகாரத்தை மேசைமேல் வைத்தால் உங்கள் சரக்கின் தரத்தில்தான் சந்தேகம் வரும். எதிரே இருப்பவர் அரசு ஊழியர் என்றால் வாங்கவே முடியாது. தம்மீதுள்ள நம்பிக்கையைக் குலைக்கக்கூடிய எந்தப் பலனையும் அவர் ஏற்கக் கூடாது என்கிறது அங்குள்ள சட்டம்.

ஜப்பானில் உங்கள் கூட்டாளியின் யோசனை வேறு விதமாகக் கவிழும். அங்கே பரிசு சாதாரணமாக இருந்தால் போதும் என்பதில் அவர் தற்செயலாகச் சரிதான்; காரணம் பட்டியல் அல்ல. வாங்கிய பரிசுக்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கடமை உணர்வு அங்கே வலுவானது. அளவுக்கு மீறிக் கொடுத்தால், பெற்றவர் தலையில் ஒரு கடனை ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள். கோடையிலும் ஆண்டு முடிவிலும் நிறுவனங்கள் பரிசு அனுப்பிக்கொள்வது அங்கே பழைய வழக்கம்; யாருக்கு எவ்வளவு என்ற கணக்கும் அதோடு சேர்ந்து வரும். தனித்தனியாகச் சுற்றிய தின்பண்டப் பெட்டி ஒன்றை எடுத்துப்போங்கள். அந்தப் பிரிவில் உள்ள அனைவரும் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொள்வார்கள். நான்கு நான்காக அடுக்கிய பெட்டி வேண்டாம்; நான்கு என்ற எண் அங்கே சாவை நினைவூட்டும். சந்திப்பு முடியும் வேளையில், பையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு கைகளாலும் கொடுங்கள். அவர் உங்கள் எதிரில் பிரிக்காவிட்டால் பிடிக்கவில்லையோ என்று மனம் கலங்காதீர்கள். அதுதான் அங்கே மரியாதை.

தென் கொரியாவில் மரியாதைக்கு முன்னால் சட்டம் நிற்கிறது. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்த கிம் யோங்-ரான் முன்மொழிந்து, அவர் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் 2016 செப்டம்பர் 28இல் நடைமுறைக்கு வந்தது. அரசு அலுவலர், ஆசிரியர், பத்திரிகையாளர் ஆகியோருக்கு விருந்தென்றால் 30,000 வோன், பரிசென்றால் 50,000 வோன் என்று வரம்பு கட்டினார்கள். (பத்திரிகையாளரையும் சேர்த்தது எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள்.) உடனே விவசாயிகளும் மீனவர்களும் கொதித்தெழுந்தார்கள். பண்டிகைக் காலத்தில் மாட்டிறைச்சியும் பழப் பெட்டிகளும் பரிசாகத்தான் விற்பனையாகும். அவர்களுக்காக வேளாண் பொருள்களுக்கான வரம்பை 2018இல் 1,00,000 வோனாகவும் 2023இல் 1,50,000 வோனாகவும் உயர்த்தினார்கள். விருந்துக்கான வரம்பு 2024இல் 50,000 ஆனது. லஞ்சத்தை ஒழிக்க வந்த சட்டம் பேரிக்காய் விலையோடு பேரம் பேச வேண்டியதாயிற்று.

சீனாவுக்குக் கடிகாரம் கொண்டு போகாதீர்கள், இறுதிச் சடங்கை நினைவூட்டும், கத்தியும் வேண்டாம். ஓரிரு முறை மறுத்துவிட்டு வாங்குவது அங்குள்ள மரபு. ஆனால் அரசு நிறுவன அதிகாரி மறுத்தால் மரபென்று நினைத்து வற்புறுத்தாதீர்கள். 2013இல் அரசுப் பணத்தில் நிலாப் பணியாரம் என்ற பண்டிகை இனிப்பை வாங்கிப் பரிசளிப்பதற்கே தடை போட்ட நாடு அது. அவர் உண்மையிலேயே மறுக்கிறார்.

புறப்படும் முன் நான்கு நிறுவனங்களுக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘பரிசு ஏற்பது பற்றி உங்கள் நிறுவனத்தின் விதி என்ன?’ இதைக் கேட்டதற்காக யாரும் உங்களைத் தாழ்வாக நினைக்க மாட்டார்கள். பதில் வந்த பிறகு கடைக்குப் போங்கள். கூட்டாளியை உடன் அழைத்துப்போக வேண்டிய அவசியமில்லை.