பட்டாளத்துக்காரருக்குப் பத்து சதவீதம்

அன்புள்ள சார்,

குடியாத்தத்தில் அப்பா ஆரம்பித்த பேக்கரியை இப்போது நான் நடத்திவருகிறேன். இரண்டு கடை, ஒரு தயாரிப்புக் கூடம், பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் நிறைய. இந்த ஆகஸ்ட் 15 முதல் ராணுவத்தினருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் எப்போதும் 10 சதவீதத் தள்ளுபடி என்று கடையில் பலகை வைக்க நினைக்கிறேன். அன்றைக்குப் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு கேக்கும் கொடுக்கலாம் என்று எண்ணம்.

"செய்வதைச் சத்தமில்லாமல் செய், பலகை வைத்தால் அது விளம்பரம்" என்கிறார் என் கணவர். கடையின் இன்ஸ்டாகிராமைப் பார்த்துக்கொள்ளும் பையனோ வீடியோ எடுக்காவிட்டால் செய்தே பிரயோஜனமில்லை என்கிறான். ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் நான்கு மாதமாகக் கிடைக்காததால் மாவு மூட்டைகளை நானே எண்ணிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. விளம்பரத்தோடு செய்கிற உதவி உதவிதானா? ராணுவத்துக்கென்று ஏதாவது செய்தால் கட்சி முத்திரை குத்திவிடுவார்களா? உங்களைப் போன்றவர்கள் ராணுவத்தினரைப் பற்றி ஏன் எழுதுவதே இல்லை?

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வி இருக்கட்டும். எழுதியிருக்கிறேன், நீங்கள் படிக்கவில்லை. கட்சி முத்திரையைப் பற்றிக் கவலையே வேண்டாம். குத்துகிறவன் கேக்கில் எந்த நிறக் கிரீம் என்று பார்த்துக்கூடக் குத்துவான்.

பலகை வைக்கலாமா என்றால், தாராளமாக வையுங்கள். நம்முடையவர்கள் கொடுத்ததைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பயணத்தில் செங்கம் போய்விடலாம். அந்த வட்டாரம் முழுக்கப் பல்லவர் காலத்து நடுகற்கள். ஆநிரை மீட்கப் போய் இறந்தவனின் உருவம், கையில் வில்லோ வாளோ, மேலே இரண்டு மூன்று வரி எழுத்து. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்தச் சண்டை, யாருடைய சேவகன் என்று எல்லாம் இருக்கும். பலகைதானே அதுவும்? ஆனால் அந்தக் காலத்தில் கல்லை நட்டதோடு எழுந்து போய்விடவில்லை. இறந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. கல் ஊர் பார்ப்பதற்கு, நிலம் அந்த வீட்டில் உலை கொதிப்பதற்கு. நீங்கள் கல்லை நடுவதைப் பற்றி மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள்.

சரி, உங்கள் 10 சதவீதத்துக்கு வருகிறேன். முப்பது ரூபாய் பப்ஸ் ஒன்றுக்கு மூன்று ரூபாய் தள்ளுபடி. அதற்காகப் பதினேழு வருடம் பனியிலும் மணலிலும் நின்றுவிட்டு வந்த ஒரு மனிதர், பின்னால் நாலு பேர் முறைத்துக்கொண்டு நிற்க, சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். உங்கள் கல்லாப் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது எக்ஸ்பயரி ஆகலையே சார்?" என்று கேட்பான். நிஜமாகவே மரியாதை செய்ய நினைக்கிறவர் இப்படி ஒரு காட்சியை ஏற்பாடு செய்வாரா? யோசித்துப் பாருங்கள். தன்மானமுள்ள யாரும் இரண்டாம் முறை அந்த அட்டையை எடுக்க மாட்டார்கள்.

என் சித்தப்பா ராணுவத்தில் தகவல் தொடர்பைப் பார்த்துக்கொள்ளும் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தார். ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது அவருக்கு வயது 39. கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன் மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். எங்களுக்கெல்லாம் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பதே பெருமை. ஊர்ப் பெரியவர்களுக்கு அவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது: "கோட்டா எத்தனை பாட்டில்?" எல்லையில் என்ன பார்த்தாய், என்ன வேலை செய்தாய் என்று ஒருவரும் கேட்டதாக நினைவில்லை. கேன்டீன் ரம் தீர்ந்ததும் விசாரிப்பும் தீர்ந்தது.

பக்கத்து டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் செக்யூரிட்டி வேலை கொடுத்தார்கள். நீலச் சட்டை, விசில், வாசலில் ஒரு ஸ்டூல். முதலாளி நல்லவர்தான், சம்பளம் பாக்கி வைத்ததில்லை. ஆனால் கார் வந்து நின்றால் "மிலிட்டரி சல்யூட் ஒண்ணு அடிங்க" என்பார், வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்குமாம். சித்தப்பா அடித்தார், வேறென்ன செய்வார்? ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் அதே கடை வாசலில் மேடை போட்டு, "நம் ஊரின் ராணுவ வீரர்" என்று மைக்கில் சொல்லி, பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். பதினொரு மணிக்கு மறுபடி ஸ்டூல். வீட்டில் அந்தப் பொன்னாடைகளைச் சித்தி தலையணைக்குக் கீழே விரிப்பாகப் போட்டிருந்தாள்.

அந்த டவுனிலேயே ஒரு சின்ன அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ், அவ்வளவுதான் தொழில். ஏழெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். அதன் உரிமையாளர் ஜவுளிக்கடைக்குப் புரூஃப் கொண்டுவந்தவர், வாசலில் காத்திருந்த நேரத்தில் சித்தப்பாவிடம் "பட்டாளத்துல என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். ஊருக்கு வந்த பிறகு அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர்தான் என்று சித்தப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். வயர்லெஸ் செட் பழுது பார்ப்பது, உதிரிபாகக் கணக்கு வைப்பது என்று பதில் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதமே அச்சகத்தில் ஸ்டோரும் மெஷின் பராமரிப்பும் அவர் கைக்கு வந்துவிட்டன.

விடுமுறையில் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு அலமாரியிலும் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கும். வந்தது, போனது, இருப்பது, யார் எடுத்தது என்று நான்கு கட்டம். அவருடைய எழுத்து சின்னதாக, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். ஒரு ரீம் மேப்லித்தோ தாள் போனால்கூடக் கையெழுத்துப் போட வேண்டும், முதலாளியாக இருந்தாலும். அதற்கு முன்பெல்லாம் மறுநாள் டெலிவரி என்றால் முதல் நாள் ராத்திரிதான் தாள் தீர்ந்துபோனது தெரியவருமாம். அந்த அச்சகத்தில் யாரும் அவருக்குப் பொன்னாடை போர்த்தியதில்லை. "கையெழுத்துப் போடுன்னு உசிரை வாங்கறாரு" என்று முதலாளி என் அப்பாவிடம் புலம்புவார். அவரே பிற்பாடு புது ஆஃப்செட் மெஷின் வாங்கும்போது சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் போனார்.

இப்போது உங்கள் கடிதத்தை எடுத்து நீங்களே இன்னொரு முறை படியுங்கள். ஸ்டோருக்கு நான்கு மாதமாக ஆள் கிடைக்கவில்லை, நானே மாவு மூட்டை எண்ணுகிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்கிறீர்கள்! எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. ராணுவத்தில் ஏ.எஸ்.சி. என்று ஒரு பெரும் பிரிவே இருக்கிறது. மாவு, பருப்பு, எண்ணெய், எரிபொருள் என்று அத்தனையையும் கணக்கு வைத்து மலைமேல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர்களுடைய வேலை. இ.எம்.இ. என்று இன்னொன்று, வண்டி முதல் ஆயுதம் வரை பழுது பார்ப்பவர்கள். ஒரு கம்பெனிக்கே சமைத்துப் போட்ட சமையல்காரர்கள், கிளார்க்குகள், கனரக வண்டி ஓட்டியவர்கள் எல்லாம் உங்கள் மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்திலேயே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றுதானே சொல்வார்கள். உங்கள் ஓவன் ரிப்பேரானால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவேண்டும் என்று காத்திருப்பவர்தானே நீங்கள்?

இவர்கள் எல்லோரையும் நாம் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம்: செக்யூரிட்டி. சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 வருடப் பணி போதும். அதனால் பலரும் நாற்பதை ஒட்டிய வயதிலேயே திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் அப்போதுதான் பத்தாவது படிப்பார்கள், வீட்டுக் கடன் பாதியில் நிற்கும். வந்தவுடன் ஏடிஎம் வாசலில் ஒரு நாற்காலி. முன்னாள் படைவீரர்களுக்காகத் தமிழக அரசு 1986ல் தொடங்கிய டெக்ஸ்கோ எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் பெரும்பகுதி காவல் வேலைதான். ஏனென்றால் கேட்கிறவர்கள் காவலுக்கு மட்டும்தான் ஆள் கேட்கிறார்கள்.

இனி வரப்போவது வேறு கூட்டம். 2022ல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நான்கு வருடம்தான் பணி. திட்டப்படி நூற்றுக்கு 25 பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். கையில் பதினோரு லட்சத்துச் சொச்சம் வரும், ஓய்வூதியம் கிடையாது. இருபத்தைந்து வயதுகூட ஆகாத பையன்கள் பலர் அதில் இருப்பார்கள். அந்தப் பணத்தில் பைக் வாங்குவான், அக்கா கல்யாணக் கடனை அடைப்பான், ஆறாம் மாதம் உங்கள் கடையில் டீயும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டு "எங்கயாவது வேலை இருக்காக்கா?" என்று கேட்பான். பன்னுக்குத் தள்ளுபடி உண்டு என்றா பதில் சொல்வீர்கள்?

கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேனோ என்னவோ. உங்கள் மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய கம்பெனிகள் செய்வதெல்லாம், லாபத்தில் சமூகப் பணிக்கென்று 2013 கம்பெனிச் சட்டம் கழுத்தைப் பிடித்துக் கேட்கிற 2 சதவீதம். அதை யாருக்கெல்லாம் செலவிடலாம் என்ற பட்டியலில் முன்னாள் வீரர்களும் போர் விதவைகளும் இருக்கிறார்கள். உங்கள் பேக்கரியை எந்தச் சட்டமும் கேட்கவில்லை, நீங்களாகவே கேட்டுக்கொள்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு கேக் கொடுங்கள், சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்கு நிஜமாகவே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் ஆகஸ்ட் 15ஐ மறந்துவிட்டு விருதுநகரைப் பாருங்கள். அந்த ஊர் வியாபாரிகள் வந்து போகிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்காக மகமை எடுத்துவைத்தார்கள். இன்றைக்கும் அந்தப் பக்கத்துக் கடைகளில் சில பில்களில் மகமை என்று தனியாகக் குறித்திருக்கும். வீடுகளில் சமைக்கும்போது பள்ளிக்கென்று பிடி அரிசி எடுத்துவைத்தார்கள். 1889ல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா அப்படி வளர்ந்த பள்ளி. அங்கே படித்த ஒருவரைத்தான் 1954 இடைத்தேர்தலில் உங்கள் குடியாத்தத்துக்காரர்கள் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அப்போது காமராஜர் முதல்வராகியிருந்தார், ஆனால் எம்.எல்.ஏ. இல்லை. உங்கள் தாத்தா காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

மகமையில் எனக்குப் பிடித்தது அது யாருடைய நல்ல மனநிலையையும் நம்பி இல்லை என்பதுதான். கோபமாக இருக்கும் நாளிலும் மூட்டை வந்து இறங்கினால் காசு தனியாகப் போய்விடும். நீங்களும் ஒரு மூட்டை மைதா பிரித்தால் பத்து ரூபாய் என்று தனிக் கணக்கில் போட்டுக்கொண்டே வாருங்கள். வருடக் கடைசியில் தலைமையாசிரியரிடம் போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர் கேக் கேட்க மாட்டார். கழிப்பறைக்குத் தண்ணீர் மோட்டார் கேட்பார். டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளுக்கும் அந்தக் கணக்கிலிருந்தே கொடுக்கலாம். 1949லிருந்து நடக்கிறது அது. உங்கள் கடைக்கும் வருடாவருடம் கொடி வந்திருக்கும், கல்லாப் பெட்டிக்கு அடியில் தேடிப் பாருங்கள்.

ஸ்டோர் ஆளுக்கு வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். வேலைக்குப் பதிந்துவைத்தவர்களின் பெயர்கள் அங்கே இருக்கும். வருகிறவரிடம் எந்தப் பிரிவு, என்ன டிரேடு என்று கேளுங்கள், டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள், எல்லாம் அதில் இருக்கும். பட்டாளத்துக்காரர் என்றால் உத்தமர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பையன்களை விரட்டுகிறவர் வரலாம், ராத்திரியில் கோட்டா தீர்ந்த வருத்தத்தில் இருப்பவர் வரலாம். மூன்று மாதம் பாருங்கள், சரிப்படவில்லை என்றால் மற்றவர்களை அனுப்புவது போலவே அனுப்பிவிடுங்கள்.

ஒன்றே ஒன்று. "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். சித்தப்பாவிடம் ஜவுளிக்கடையில் அதைத்தான் சொன்னார்கள், ஊரில் பாதி முதலாளிகள் சொல்வதும் அதைத்தான். பென்ஷன் அவர் ஏற்கெனவே பார்த்து முடித்த வேலைக்கு வருவது, உங்கள் மாவு மூட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேறு யார் வந்திருந்தாலும் என்ன கொடுத்திருப்பீர்களோ அதைச் சொல்லுங்கள். ஆயிரம் கூடக் கேட்பார். கொடுங்கள்.