கேளுங்கள், சொல்கிறேன்: பாடாத பீட்டில்ஸ்

கேள்வி (சுங்கை சிப்புட் வாசகி): ஐயா, பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு ஒரு சின்ன இசைத்தட்டு வாங்கினேன். ‘லவ் இன் தி ஓப்பன் ஏர்’ என்று போட்டிருக்கிறது. பீட்டில்ஸ் பாட்டுக் குழுவின் பால் மெக்கார்ட்னி போட்ட இசை என்றார் கடைக்காரர். வீட்டில் போட்டால் ஒருவரும் பாடவில்லை. இழவு வீட்டு மேளம் மாதிரி இழுக்கிறது. லேபிளிலும் ஜார்ஜ் மார்ட்டின் ஆர்க்கெஸ்ட்ரா என்றுதான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லையம்மா, ஐந்து வெள்ளிக்கு நல்ல வேட்டை. 1966 கடைசியில் வந்த ‘தி ஃபேமிலி வே’ படத்தின் இசை அது. அந்த ஆகஸ்ட்டில் சான் பிரான்சிஸ்கோ கச்சேரியோடு பீட்டில்ஸ் ஊர் ஊராகக் கச்சேரி செய்வதை நிறுத்திவிட்டார்கள். குழுவில் லென்னன் வேறொரு படத்தில் நடிக்கப் போனார். ஹாரிசன் ரவிசங்கரிடம் சித்தார் கற்க இந்தியாவுக்குப் போனார். மெக்கார்ட்னி இந்தப் படத்துக்கு மெட்டுப் போட ஒத்துக்கொண்டார்.

ஒத்துக்கொண்டாரே தவிர, மெட்டு லேசில் வரவில்லை. நச்சரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது என்று பீட்டில்ஸ் தட்டுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினே சொல்லியிருக்கிறார். மெக்கார்ட்னிக்கு நோட்டு எழுதவும் தெரியாது. ஓபோ என்ற ஊதுகுழல் வாசிக்கப் படித்த மார்ட்டின்தான் அந்த மெட்டை வயலினுக்கும் பித்தளைக் குழல்களுக்கும் பிரித்து எழுதினார். கதை நடப்பது இங்கிலாந்தின் வடக்கே, ஆலைத் தொழிலாளர் ஊரில். நம் தோட்டத்துக்கு உறுமி எப்படியோ, அந்த ஊர்களுக்குப் பித்தளை பேண்டு அப்படி.

எங்கள் தோட்டத்தில் பால் மரம் சீவிய பெரியப்பா ஒருவர் உண்டு. தீமிதிக்கு முன்னால் புதுசாக ஒரு மெட்டை முணுமுணுப்பார். ஆர்மோனிய வாத்தியார் அதைப் பிடித்து, மறுநாள் பஜனைக் குழுவுக்குப் பிரித்துக் கொடுப்பார். பாட்டு யாருடையது என்று கேட்டால் பெரியப்பாவைத்தான் காட்டுவோம். ஆனால் வாத்தியார் ஊருக்குப் போயிருந்த வருஷம் பாட்டே எழும்பவில்லை. லேபிளில் மார்ட்டின் பெயர் பெரிதாக இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மெட்டுக்கு ஐவர் நொவெல்லோ விருது கிடைத்தது; மெட்டுப் போடுகிறவர்களுக்கு இங்கிலாந்தில் கொடுக்கும் விருது அது. தட்டு மட்டும் விற்பனைப் பட்டியலில் ஏறவில்லை. பீட்டில்ஸ் குரல் இல்லாத தட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள்!

அப்புறம், அந்த இழுவை. உங்கள் பிளேயர் நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். 45-க்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.