'24' ஆறாவது சீசனில் நின்றுபோனவருக்கு

டர்பன் சாட்ஸ்வர்த் வீட்டில் அப்பாவோடு '24' என்ற அமெரிக்க அதிரடித் தொடரைப் பார்க்கிறீர்கள், ஆறாவது சீசன் பாதியில் அவருக்கு அலுத்துவிட்டது, இத்தோடு விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விட வேண்டாம், தாண்டிப் போங்கள். ஐந்தாவது சீசன் 2006-இல் எம்மி விருது வாங்கியது. அதைப் பார்த்த கண்ணுக்கு இது சப்பென்றுதான் இருக்கும். நாலாவது எபிசோட் முடிவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து வலென்சியாவில் அணுகுண்டே வெடிக்கிறது. நாடே கதிகலங்க வேண்டாமா? கதையோ நாயகன் ஜாக்கின் அப்பா, சகோதரன் என்று குடும்பத் தகராறில் இறங்கிவிடுகிறது. அதற்கு நம் மெகா சீரியல்களே போதுமே!

சரி, கடைசி எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு, 2008-இல் வந்த 'ரிடெம்ப்ஷன்' தொலைக்காட்சிப் படத்துக்குப் போங்கள். கதை நடப்பது சங்காலா என்ற கற்பனை நாட்டில். படம்பிடித்தது நம் தென்னாப்பிரிக்காவில். அப்பா நிமிர்ந்து உட்காருவார். ஏழாவது சீசனுக்கு முன்கதையே அதுதான், அதை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.