தலைவர் வீட்டுக்காரர்

அன்புள்ள ஐயா,
எங்கள் ஊராட்சித் தலைவர் ஒரு பெண். ஊரில் 'தலைவரே' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் அவருடைய கணவர். பாதி இடம் ஒதுக்கியும் இதுதான் நிலைமை. நம் பெண்களுக்கே அரசியலில் விருப்பமில்லை என்பதுதானே உண்மை?
ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

விருப்பமில்லை என்று யார் சொன்னது? உங்கள் ஊரில் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். மடியில் முறம், ஆயிரம் பீடிக்கு எவ்வளவு இலை போதும், ஏஜென்ட் எத்தனை பீடியைக் கழித்தான் என்ற கணக்கெல்லாம் மனதில். அவனோடு மல்லுக்கு நிற்கிறவர்களுக்கா அரசியல் வராது?

பேரணாம்பட்டுப் பக்கம் ஓர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் கணவர். தலைவர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில். குடிநீர் வருகிறதா என்று அவரிடம் கேட்டேன். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார் கணவர். அவர் போன் பேச வெளியே போனதும் அந்த அம்மா தாழ்ந்த குரலில், "மோட்டார் எரிந்து நான்கு நாளாகிறது. துணைத் தலைவர் செக்கில் கையெழுத்துப் போடவில்லை" என்றார். ஊராட்சிக் காசோலைக்கு இருவர் கையெழுத்தும் வேண்டும். துணைத் தலைவரைப் பிடிக்க வேண்டுமானால் இரவு எட்டு மணிக்கு டீக்கடை பெஞ்சுக்குத்தான் போக வேண்டும். "நான் போய் நின்றால் பேர் கெட்டுவிடும் சார்."

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் நீங்களும் தேங்காய் உடைத்திருப்பீர்கள். கணவர் சொல்லி மகன் பரசுராமன் வெட்டிய ரேணுகாவின் தலைதானே அது? எதற்காகப் போனது? கணநேரம் மனம் சலித்ததற்கு. பேருக்கு அஞ்சுவது நம் பக்கத்தில் அவ்வளவு பழைய பழக்கம். (வெட்டிய தலையைக் கும்பிடுவதில் மட்டும் நமக்குத் தயக்கமே இல்லை.)

ஆனால் பழியை முழுவதும் ஊர்மேல் போடவும் மனம் வரவில்லை. 2021 அக்டோபரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது இதே ஊர்க்காரர்கள்தான் பெண்களுக்கு ஓட்டுப் போட்டார்கள். உள்ளாட்சியில் பாதி இடம் சட்டப்படி பெண்களுக்கு. அதே ஆண்டு சட்டமன்றத்துக்குப் போன பெண்களோ 234 பேரில் 12 பேர். அங்கே சீட்டைக் கட்சிகள் கொடுக்கின்றன. மக்களவை, சட்டமன்றங்களில் பெண்களுக்கென்று 2023-இல் நிறைவேறிய மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று காத்திருக்கும்படியே எழுதப்பட்டது.

அக்டோபர் 2 கிராம சபைக்குப் போவீர்கள் அல்லவா? அதற்குத் தலைமை அந்த அம்மாதான். உங்கள் கேள்வியை அவரைப் பார்த்துக் கேளுங்கள். வீட்டுக்காரர் பதில் சொல்ல எழுந்தால், "நீங்கள் உட்காருங்கள் அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.