நான்கு தூண் எஃகு மேடையைப் பிரேஸிங் இல்லாமல் நிறுத்தலாமா?

தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், 4 மீட்டர் சதுர எஃகு மேடையில், 20 டன் எடையுள்ள தொட்டி ஒன்றை வைக்க வேண்டும். கீழே ஆட்கள் நடமாடுவதால் குறுக்குப் பிரேஸிங் (தூண்களுக்கிடையே சாய்வாகப் பொருத்தும் எஃகுக் கம்பிகள்) வேண்டாம் என்கிறார்கள். தூண்களின் அடித்தகட்டைத் தடிமனாக்கி நங்கூர போல்ட்டுகளால் இறுக்கிவிட்டால் போதுமா என்பது கேள்வி. போதாது என்பதே என் கருத்து. ஆனால் நடைபாதையை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் விறைப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். 200 மி.மீ. உயர ஐ-பிரிவுத் தூணின் நிலைமத் திருப்புமை (வளைவை எதிர்க்கும் வெட்டுமுகத்தின் திறன்) வலுவான அச்சில் ஏறத்தாழ 2,200 செ.மீ.⁴. அடி முழுவதும் இறுகி, தலை சுழல விடப்பட்ட இரண்டு தூண்கள் சேர்ந்து, மேடை மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்வுக்குச் சுமார் 0.4 கிலோநியூட்டன் எதிர்ப்பையே தரும். அதே இரண்டு தூண்களுக்கிடையே 65×65×6 மி.மீ. கோணக்கம்பி (L வடிவ எஃகு) ஒன்றை மூலைவிட்டமாகப் பொருத்தினால் அந்த எதிர்ப்பு 13 கிலோநியூட்டனாக உயரும், அதாவது ஏறத்தாழ முப்பது மடங்கு. ஒரு பக்கச் சட்டகத்தின்மேல் 10 கிலோநியூட்டன் கிடைவிசை வந்தால் முன்னதில் நகர்வு 24 மி.மீ., பின்னதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தூணின் மெலிந்த அச்சில் திருப்புமை பதினைந்தில் ஒரு பங்குதான் என்பதால், அந்தத் திசைக் கணக்கை நான் சொல்லாமலே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். அடித்தகடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் போல்ட்டின் நீட்சியும் அடித்தளத்தின் சுழற்சியும் இருக்கவே செய்யும். ஆகவே 'முழு இறுக்கம்' என்பது பெரும்பாலும் வரைபடத்தில் மட்டுமே இருக்கும்.

நடைபாதைக்கு வேண்டியது ஒரு பக்கம் மட்டும் என்றால், அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு மற்ற மூன்று பக்கங்களிலும் பிரேஸிங் கொடுங்கள். ஒரு புள்ளியில் சந்திக்காத, எல்லாமே இணையாகவும் இல்லாத பிரேஸிங் உள்ள மூன்று செங்குத்துத் தளங்கள் இருந்தால் மேடை எந்தத் திசையிலும் நிலைத்து நிற்கும். திறந்த பக்கத்துக்கு இணையாக வரும் விசை முழுவதையும் எதிர்ப்பக்கப் பிரேஸிங் ஏற்கும். அதனால் எழும் முறுக்கத்தை இரு பக்கவாட்டுப் பிரேஸிங்குகள் ஆளுக்கு விசையில் பாதி என எதிரெதிராகத் தாங்கும்.

இந்த ஏற்பாடு முழுவதும் மேடைத் தளம் தன் சமதளத்தில் விறைப்பாக இருப்பதை நம்பியே நிற்கிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கிளிப்பால் பிடிக்கப்பட்ட கிரேட்டிங்கை (நடக்கப் போடும் எஃகுக் கம்பித் தட்டு) டையஃப்ரமாக, அதாவது கிடைவிசையைப் பிரேஸிங்குக்குக் கடத்தும் விறைப்பான தளமாக, கணக்கில் எடுக்கக் கூடாது; பராமரிப்புக்காக யாரேனும் அதைக் கழற்றுவார்கள், திரும்ப மாட்டும்போது கிளிப்புகள் பாதியாவது காணாமற்போயிருக்கும். எனவே உத்திரங்களின் மட்டத்தில் கிடைப் பிரேஸிங் தனியாகக் கொடுக்க வேண்டும். என் தொடக்ககால வரைபடம் ஒன்றில் இதை விட்டுவிட்டு, செங்குத்துப் பிரேஸிங்கை மட்டும் இருமுறை சரிபார்த்தேன். சரிபார்த்த மூத்தவர், "விசை தொட்டியிலிருந்து பிரேஸிங்குக்கு எந்த வழியாக வருகிறது, விரல் வைத்துக் காட்டு" என்றார். என் விரல் கிரேட்டிங்கின்மேல் நின்றுவிட்டது.

நான்கு பக்கமும் திறந்தே இருக்க வேண்டுமென்றால், உத்திரமும் தூணும் சந்திக்கும் இடங்களை இரு திசையிலும் மொமென்ட் இணைப்பாக்க (ஒன்றுக்கொன்று சுழலாதபடி இறுக்க) வேண்டும். தூண் பெரிதாகும், செலவும் கூடும். முழங்கால் பிரேஸிங் (தூணையும் உத்திரத்தையும் மூலையில் இணைக்கும் குட்டைச் சாய்வுக்கம்பி) ஓரளவு உதவும், ஆனால் அது தூணின் நடுவில் வளைவு விசையை ஏற்றும் என்பதால் தூணை அதற்கேற்பச் சரிபார்க்க வேண்டும்.

சுமைகளில் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பாருங்கள். நிலநடுக்கத்துக்கும் நகர்வுக்கும் நிறைந்த தொட்டி, காற்றால் தூண் மேலெழுவதற்குக் காலித் தொட்டி. 4 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள சட்டகத்தில் மேடை மட்டத்தில் வரும் கிடைவிசை எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே ஒரு தூணை மேலே இழுக்கும். காற்றும் நிலநடுக்க விசையும் தொட்டியின் உடலில் மேடைக்கு மேலே செயல்படுவதால் அந்த இழுவை இன்னும் கூடும். நங்கூர போல்ட்டுகளின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான். காற்றே இல்லாவிட்டாலும், தூண்கள் நூல் பிடித்தாற்போல் நேராக நிற்பதில்லை என்பதால், எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 800:2007 செங்குத்துச் சுமையில் 0.5 சதவீதத்தைக் கற்பனைக் கிடைவிசையாக எடுக்கச் சொல்கிறது.