பாராட்டினால் சந்தேகப்படுகிறவன்

கேள்வி: பேய் பிசாசுகளை வேட்டையாடும் அண்ணன் தம்பியின் கதையான ‘சூப்பர்நேச்சுரல்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், அண்ணன் டீன் வின்செஸ்டர் எதற்கும் அஞ்சாத முரடன். அவனுக்குள் தாழ்வு மனப்பான்மை இருக்கிறது என்று ரசிகர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பலரும் காட்டுவது நான்காம் சீசனின் முதல் எபிசோடை. நரகத்திலிருந்து டீனை மீட்டுவந்த கேஸ்டியல் என்ற தேவதூதன், காப்பாற்றப்படும் தகுதி உனக்கில்லை என்று நினைக்கிறாயா என அவனிடம் நேராகவே கேட்டுவிடுவான். டீனிடம் பதில் இருக்காது. நல்ல காட்சிதான். ஆனால் எனக்கு அதற்கு முன்பே, 2006இல் வந்த முதல் சீசனின் கடைசி எபிசோடிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

பேயையும் கொல்லக்கூடிய ஒரு பழைய துப்பாக்கி டீன் குடும்பத்திடம் இருக்கும். குண்டுகள் எண்ணிச் சில. அதில் ஒன்றைத் தம்பி சாமைக் காப்பாற்ற டீன் செலவழித்துவிடுவான். அப்பா ஜான் திட்டப்போகிறார் என்று காத்திருந்தால், அவரோ உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்கிறார். டீனின் முகத்தைப் பாருங்கள். மகிழ்ச்சி ஒரு நொடிகூட நிற்காது. மெல்லப் பின்வாங்கி அதே துப்பாக்கியை அப்பாவை நோக்கி நீட்டுவான். என் அப்பாவாக இருந்தால் குண்டை வீணாக்கியதற்கு என்னைக் கிழித்திருப்பார், நீ அவர் இல்லை என்பான். அவன் சொன்னது சரி. அப்பாவுக்குள் பிசாசு புகுந்திருக்கிறது.

அப்பா அன்பாக ஒரு வார்த்தை பேசியதை வைத்து, இது அப்பா இல்லை என்று ஒரு மகன் கண்டுபிடிக்கிறான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்த எபிசோடில் ஆஸ்பத்திரியில் உண்மையான ஜானே அதே வார்த்தையைச் சொல்வார். உன் தோளில் அளவுக்கு மீறிச் சுமத்திவிட்டேன் என்று கண் கலங்குவார். அப்போதும் டீன், பேசுவது நிஜமாகவே நீங்கள்தானா என்றுதான் கேட்பான். நானும் வீட்டில் மூத்த பிள்ளை. யாராவது மனம் திறந்து பாராட்டினால், அடுத்து என்ன வேலை சொல்லப்போகிறார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். அதனால் அந்த இடத்தை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை. அங்கேயும் பாருங்கள், அப்பா பாராட்டிய கையோடு சாமைப் பற்றி அவன் காதில் ஒரு பாரத்தை இறக்கிவிட்டுத்தான் சாகிறார்.

இதன் வேர் 1983 நவம்பர் 2. கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊரில் வீடு பற்றி எரிகிறது, அம்மா அதில் போய்விடுகிறாள். நான்கு வயது டீனின் கையில் ஆறு மாதக் குழந்தையைக் கொடுத்து, திரும்பிப் பார்க்காமல் ஓடு என்கிறார் அப்பா. அந்த ஓட்டம் நிற்கவே இல்லை என்பது என் எண்ணம். அப்புறம் சிறுவனாக இருக்கும்போது ஒரு இரவு, தூங்கும் தம்பியை மோட்டல் அறையில் விட்டுவிட்டு வீடியோ கேம் விளையாடப் போகிறான். திரும்பி வந்தால் ஒரு சூனியக்காரி சாமின் உயிரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். அப்பா வந்து காப்பாற்றிவிடுகிறார். அதைப் பற்றி அவர் பிறகு பேசியதே இல்லை, பார்க்கும் பார்வைதான் மாறிவிட்டது என்று வளர்ந்த டீன் சொல்வான். ஒரு குழந்தை கொஞ்ச நேரம் விளையாடப் போனதற்கு இது எவ்வளவு பெரிய தண்டனை!

ஆகவே இரண்டாம் சீசன் முடிவில் செத்துப்போன சாமின் உயிருக்காகப் பிசாசிடம் தன் ஆன்மாவையே விற்று, இன்னும் ஒரே ஒரு வருட வாழ்வு, பிறகு நரகம் என்று பேரம் முடித்து வரும்போது எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தன் உயிருக்கு அவன் போட்டுக்கொண்ட விலை அவ்வளவு குறைவு.

மூன்றாம் சீசனில் ஒரு கனவில் டீனுக்கு எதிரே இன்னொரு டீன் வந்து நிற்பான். ஜாக்கெட், கார், கேட்கும் பாட்டு எல்லாமே அப்பாவுடையது, உன்னுடையது என்று என்ன இருக்கிறது என்று குத்திக்காட்டுவான். பொறுக்க முடியாமல் டீன் கத்துவான்: குடும்பத்தைக் காப்பாற்ற முடியாமல் போனது அப்பாதான், அந்தச் சுமை எனக்கு நியாயமில்லை, நரகத்துக்குப் போகவேண்டியவன் நான் இல்லை. டீனாக வரும் ஜென்சன் ஆக்கிள்ஸின் நடிப்பில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். விழித்தபின், காரில் உட்கார்ந்து தம்பியிடம் தயங்கித் தயங்கிச் சொல்வான், எனக்குச் சாக விருப்பமில்லை என்று. சாம் உடனே, சரி, உன்னைக் காப்பாற்ற வழி தேடுவோம் என்பான். டீன் தலையசைப்பான்.